வேலியோரம் நான்கு மணி நேரம்

காலை ஐந்து மணிக்கு வேலியோரம் மடக்கு நாற்காலியைப் போட்டால் கிளிஃபர்ட் ஸ்டெபிங்ஸ் எழுந்திருக்க ஒன்பது ஆகிவிடும். வீட்டுக்கு வந்து டோஸ்ட்டில் மார்மலேட் தடவிக்கொண்டு, அன்று பார்த்த பறவைகளின் பட்டியலை, யாரும் பார்க்கக்கூடிய பறவை இணையதளத்தில் பதிவார். வானம்பாடி பதினான்கு. காட்டுப்புறா ஒன்பது. இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ எழுதத் தெரியாது. ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட விடாமல் பட்டியல் போட்டவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான். மனைவி இறந்த பிறகு அவர் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அதுதான்.

அந்த மே மாதத்திலிருந்து ஒரு பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. அந்த வேலிக்கு அப்பால், ஹிலரி பன் என்ற பெண் விவசாயியின் பார்லி வயல் நடுவே, அரிய வகைப் பூனைப்பருந்து ஜோடி ஒன்று தரையில் கூடு கட்டியிருந்தது. நாடு முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்ட ஜோடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முட்டை திருடிச் சேர்க்கிறவர்களோ இன்னும் இருக்கிறார்கள். ஹிலரியிடம் மட்டும் சொன்னார். அறுவடையில் கூட்டைச் சுற்றி ஒரு சதுரம் அறுக்காமல் விட்டுவிடுவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

"ரெண்டாவது கிளாஸ் உள்ள போனதும் பப்புல உளறி வைக்காத, கிளிஃப்" என்றாள்.

அவர் பப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஜூன் பாதியில் ஒரு காலை பார்லிக்குள் புதிதாக ஒரு தடம் தெரிந்தது. கதிர்கள் மிதிபட்டுக் கிடந்தன. பெண் பருந்து மேலே வட்டமிட்டுக் கத்தியது, கூட்டுக்கு இறங்கவில்லை. தடத்தின் வழியே கேமராவோடு ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். மெரியல் என்று பெயர். வேல்ஸிலிருந்து காரோட்டி வந்தவள். இந்த இடத்தை யார் சொன்னது என்று கிளிஃபர்ட் கேட்டார்.

"ஸ்டெபிங்ஸ்னு ஒருத்தர் தினமும் பட்டியல் போடுறாருங்க. முப்பத்தெட்டு நாளா இதே வேலி, நாலு மணி நேரம். வானம்பாடிக்காக யாருங்க அவ்வளவு நேரம் உட்காருவாங்க? ஏதோ பெருசா இருக்குன்னு வந்தேன்."

கிளிஃபர்ட் நாற்காலியை மடக்கினார். "அந்த ஸ்டெபிங்ஸ் நான்தாம்மா."

அதற்குள் ஹிலரி வந்துவிட்டாள். இருவரையும் தன் வண்டிக்குள் ஏற்றி, பருந்து பயப்படாத தூரத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தினாள். "ஏன்மா, நீ பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கறப்ப ஒருத்தன் கேமராவோட உள்ள வந்தா சிரிச்சு போஸ் கொடுப்பியா?" என்று கேட்டாள். மெரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முட்டை குளிர்ந்தால் எல்லாம் போயிற்று. மூவரும் ஒரே தெர்மாஸ் தேநீரைப் பகிர்ந்துகொண்டு காத்திருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் பருந்து சட்டென்று பார்லிக்குள் இறங்கியது. மறுபடி எழவில்லை.

"எனக்கே கண்டுபிடிக்க முடிஞ்சுதுன்னா, முட்டை திருடுறவனுக்கு எத்தனை நேரமாகும்?" என்றாள் மெரியல் மெதுவாக. படங்களைத் தானே அழித்தாள். வரப்பிலிருந்து பார்த்தால் தடம் தெரியாதபடி முன்வரிசைக் கதிர்களை நிமிர்த்திவிட்டுத்தான் கிளம்பினாள்.

கிளிஃபர்ட் வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டுப் பட்டியல்களையும் ஒவ்வொன்றாக நீக்கினார். நாள் விடாமல் போட்ட பட்டியல்களை இணையதளம் எண்ணிவந்த தொடர்ச்சி அறுந்தது. ஒன்பது வருட எண் இருந்த இடத்தில் பூஜ்யம் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கணினியை மூடினார்.

ஆகஸ்டில், அறுக்காமல் விட்ட சதுரத்திலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன. அவை தெற்கே போன பிறகுதான், மாவட்டத்தின் பறவைக் கணக்கை வைத்திருக்கும் பதிவாளருக்கு மட்டும் அவர் கடிதம் எழுதினார்.

அக்டோபரில் பறவைச் சங்கக் கூட்டத்தில் கிளிஃபர்ட் எழுந்து நின்று தன் தவறை ஒளிக்காமல் சொன்னார்.

"பேரை மறைச்சுட்டா போதும்னு நெனச்சேன். போதாதுங்க. அரிய பறவை குஞ்சு பொரிக்கிற இடம் தெரிஞ்சா, அந்த இடத்தையும் நேரத்தையும், நாம அங்க போய் உட்காருறதையும் சேர்த்தே மறைக்கணும். குஞ்சு பறந்த பிறகு எழுதினா பதிவு ஒண்ணும் கெட்டுப்போகாது. முன்னாடி எழுதினா குஞ்சே இருக்காது."

பின்வரிசையில் ஒருவர், அது எந்த வயல் என்று ஆவலாகக் கேட்டார்.

"அடுத்த வருஷமும் அதுங்க வரணும்ல" என்று சிரித்தபடி கிளிஃபர்ட் உட்கார்ந்துகொண்டார்.