சிவசங்கரி பெயரில் போன ரத்தம்

சிவசங்கரியின் விரலிலிருந்து ரத்தம் வரவில்லை.

ஊசியைக் குறை சொல்ல முடியாது. மகள் இளமதி ஓசூரில் இருந்துகொண்டே ஆன்லைனில் சொல்லி வரவழைத்த பெட்டி அது. வீட்டிலேயே விரலைக் குத்தி, சொட்டுச் சொட்டாகச் சின்னக் குழாயில் பிடித்து, கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டால் போதும். உடம்பில் எந்த வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று போனுக்கே வந்துவிடும். குழாயில் ஒரு கோடு போட்டிருந்தது, அதுவரைக்கும் ரத்தம் வேண்டும். சிவசங்கரியின் மோதிர விரலில் கடுகளவு எட்டிப் பார்த்தது. அதோடு சரி.

விரலையும் குறை சொல்ல முடியாது. விருத்தாசலத்துச் செராமிக் எஸ்டேட்டில், பொம்மை செய்கிற ஒரு பட்டறையில் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பிள்ளையார், குதிரை, மேளம் அடிக்கிற நாய் என்று எத்தனை முதுகைத் தடவியிருப்பாளோ, ரேகை தேய்ந்து தோல் தடித்துப்போனது. ரேஷன் கடை மெஷின் அவளுடைய கட்டை விரலை ஏற்றுக்கொண்டு ரொம்ப நாளாகிறது. மெஷினே நம்பாத விரலை ஊசி மட்டும் மதித்துவிடுமா என்ன?

நம்பாதது மெஷின் மட்டும் என்றால் சிவசங்கரி கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஒரு வருஷமாகவே அவளுக்கு முடியவில்லை. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலை முடித்த அலுப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. சொன்னால் கேட்கிறவர்கள் யார்? பட்டறையில், "ஒக்காந்துட்டே செய்யற வேலதான, இதுல என்னா அலுப்பு?" என்றார்கள். வீட்டில் அவள் புருஷன் பழமலை, "ஒனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, மனசுதான் சொணங்குது" என்று முடித்துவிட்டார். மனசுக்கு முடி கொட்டுமா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவளுக்கு வேண்டியது மருந்துகூட இல்லை. 'ஆமாம், இவளுக்கு முடியவில்லைதான்' என்று எங்காவது அச்சடித்து வர வேண்டும். அதற்காகத்தான் ஊசிக்குப் பயந்தவள் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கைய வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சிட்டு குத்தணுமாம்ங்க. இளமதி சொன்னா" என்றாள்.

"இனிமே அடுப்பு பத்த வச்சி, தண்ணி காய வச்சி... கூரியர்காரரு பாலக்கரைகிட்ட வந்துட்டேன்னு போன் பண்ணிட்டாரு."

பழமலைக்கு எதிலும் பொறுமை கிடையாது. அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியின் சூளையில் சரக்கு அடுக்கி இறக்குகிறவர். சூளை முழுசாக ஆறுகிறவரை மற்றவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்க, இவர் ரப்பர் செருப்போடு முதலில் உள்ளே போய்விடுவார். தரை கொதித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். 'பழமலைக்குச் சூடே தெரியாது' என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. முதலாளிக்கு அதில் லாபம், பழமலைக்கு அதில் பெருமை. பல வருஷமாகச் சுகர் மாத்திரை போடுகிறவர் என்பதை மட்டும் அந்தப் பெருமையின் பக்கத்தில் அவர் வைப்பதில்லை.

பெட்டியில் மூன்று ஊசி. இரண்டு வீணாகிவிட்டது. வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"இந்தா, குடு" என்று மூன்றாவது ஊசியை வாங்கித் தன் விரலில் ஒரே அழுத்தாக அழுத்தினார். குழாய் கோடு தாண்டி நிரம்பியது.

"என்னாங்க இது! எனக்குல்ல டெஸ்ட்டு?"

"ஒரே பானையில ஆக்கின சோத்ததான ரெண்டு பேரும் திங்கறோம்? அதே கொழம்பு, அதே ரசம். ஒன் ஒடம்புல இருக்கற வைட்டமின்தான் என் ஒடம்புலயும் இருக்கும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள தனித்தனி ரத்தமா?"

கேட்பதற்கு நியாயம் மாதிரிதான் இருந்தது. குழாயின் மேல் 'சிவசங்கரி, பெண்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். இளமதியிடம் சொல்ல வேண்டாம், திட்டுவாள் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த வாரக் கடைசியில் இளமதி வீடியோ காலில் வந்தாள். முகம் சரியாக இல்லை.

"அம்மா, ஒனக்கு பி டுவெல்வ் ரொம்ப கம்மியா இருக்குது. இவ்ளோ கம்மியா வச்சிக்கிட்டு எப்பிடிம்மா வேலைக்கு போன? அதான் ஒனக்கு முடியல. நாங்கதான் புரிஞ்சிக்கல." அவள் கண் கலங்கியது. "அப்பாகிட்ட போன குடு."

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மகளின் அழுகை அவரை ஆட்டிவிட்டது. மாத்திரை வாங்க வேண்டும், முட்டை, பால், மீன் எல்லாம் கொடுக்க வேண்டும், அம்மாவைக் கொஞ்ச நாள் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

போன் அணைந்ததும் சிவசங்கரி மெதுவாகச் சொன்னாள். "அது ஒங்க ரத்தம்ங்க."

"இருக்கட்டுமே. கல்லு மாதிரி இருக்கற எனக்கே இவ்ளோ கம்மின்னா, ஒனக்கு இன்னும் கம்மியாத்தான இருக்கும்? ஒனக்குத்தான முடியலன்னு சொன்ன? நீ படு."

'நீ படு.' இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கடைசியாக எப்போது கேட்டாள் என்று சிவசங்கரிக்கு ஞாபகமில்லை. இளமதி பிறந்தபோது ஒருவேளை சொல்லியிருப்பார். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, அவர் கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தாள். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப நன்றாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் பழமலை வேறு ஆளாக இருந்தார். வேலைக்குப் போகும் முன் டீ போட்டுக் கொடுத்தார். தண்ணீர்க் குடத்தை அவள் தொடக் கூடாது என்றார். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் எட்டிப் பார்த்தபோது, "இவளுக்கு வைட்டமின் இல்லியாம், ரிப்போர்ட்டுல வந்துடுச்சி" என்று ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி சொன்னார். இளமதி தினமும் பேசினாள். மாத்திரையைச் சிவசங்கரிதான் போட்டுக்கொண்டாள். போடும்போதெல்லாம் புருஷனுடைய தட்டிலிருந்து எடுத்துத் தின்கிற மாதிரி உறுத்தும், ஒரு மடக்குத் தண்ணீரில் அந்த உறுத்தலும் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பழமலை கறிக்கடைக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கி வந்தார். ஆட்டின் மண்ணீரல்தான். ரத்தம் குறைந்தவர்களுக்கு அதைவிட வேறு வைத்தியம் இந்தப் பக்கத்தில் கிடையாது. சிவசங்கரி கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அவரே வீட்டைத் துடைத்து, அவரே வெங்காயம் நறுக்கி, அவரே அடுப்புக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தார். இஞ்சி எங்கே, மிளகு எங்கே என்று கேட்டாரே தவிர அவளை எழுந்திருக்க விடவில்லை.

துடைத்த தரையில் அவர் நடந்த தடம் தெரிந்தது. ஒரு கால் தடம் வெறும் ஈரம். இன்னொரு கால் தடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. அடுப்புவரை அந்தக் கறை, அலமாரிவரை அந்தக் கறை. முதலில் கறி ரத்தம் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"என்னாங்க, கால காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்றேன்!"

அவள் குரல் அப்படி உயர்ந்து அவர் கேட்டதில்லை. கரண்டியோடு வந்து உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்து சிவப்பாகக் கிடந்தது. ஓரமெல்லாம் சீழ் கட்டியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தன் காலே எரிந்தது.

"எப்ப ஆச்சு இது?"

"எது?" என்று குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவரே திகைத்துப்போனார். "தெரியல சிவசங்கரி. சூளைக்குள்ள எதாச்சும் மிதிச்சிருப்பேன் போல இருக்குது. நேத்தா, முந்தாநேத்தா..."

"வலிக்கலியா?"

"இல்லியே."

அவள் புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினாள். முகத்தையே பார்த்தாள், அது மாறவில்லை. வெங்காயம் நறுக்கிய கத்தியின் முனையை அவர் கால் விரல்களில் மெல்ல வைத்து வைத்து எடுத்தாள். "தெரியுதா? இப்ப தெரியுதா?" எதற்கும் அவர் தலை ஆடவில்லை. பழமலைக்குச் சூடே தெரியாது என்று எஸ்டேட்டே கொண்டாடியதன் அர்த்தம் இதுதானா? வைராக்கியம் என்று எல்லாரும் நினைத்ததெல்லாம், காலில் உணர்ச்சி செத்துக்கொண்டு வந்ததுதானா? இந்த மனுஷருக்கு வர வேண்டிய மாத்திரையைத் தின்றுவிட்டு, இவரையே சமைக்க விட்டுக் கட்டிலில் கிடந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுப்பில் சுவரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது. சிவசங்கரி போனை எடுத்தாள். எடுத்த கை ஒரு நொடி நின்றது. இதைச் சொல்லிவிட்டால் அவளுக்கென்று அச்சடித்து வந்த ஒரே அத்தாட்சியும் போய்விடும். மறுபடியும் 'மனசுதான் சொணங்குது' என்பார்கள். சரி, போகட்டும்.

"இளமதி, அன்னிக்கு அனுப்பின ரத்தம் என்னுது இல்ல. ஒங்கப்பாவோடது."

முதலில் மகளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தினாள். ஒரே பானை, ஒரே சோறு என்று அப்பா சொன்ன விளக்கத்தைக் கேட்டு இன்னும் கத்தினாள். காலைப் பற்றிச் சொன்னதும் சத்தம் அடங்கிப்போனது.

"நாளைக்கு காலையில மொத வேலையா அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போம்மா. சுகர் இருக்குதுல்ல, காலு விஷயம், வெளையாட்டு இல்ல. அந்த மாத்திரைய நீ நிறுத்திடு. அப்பாவ பாத்துக்க."

அவ்வளவுதான். 'அப்படின்னா உனக்கு?' என்று அவள் கேட்கவில்லை. பயந்திருக்கிற பிள்ளை, அதற்கு எங்கே தோன்றும் என்று சிவசங்கரி எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டாள். குடத்தைத் தூக்கும்போது மூச்சு வாங்கியது. பழமலை காலை நீட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். நல்லவேளை, எலும்புவரை போகவில்லை என்றார். சுகர் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு இந்த வைட்டமின் குறையும், சுகராலேயும் கால் மரத்துப்போகும், எதனால் எவ்வளவு என்று ஒழுங்காக டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். புண் ஆறுகிறவரை சூளைப் பக்கமே போகக் கூடாது. சூடு தெரியாத மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்றார்.

லேப்பில் வெள்ளைக் கோட்டுப் பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "பழமலை யாரு? வந்து ஒக்காருங்க."

பழமலை எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிவசங்கரியின் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மொதல்ல இவுங்களுக்கு எடுங்கம்மா. எனக்கு எழுதின அத்தனையும் இவுங்களுக்கும் எடுங்க. டாக்டரம்மாகிட்ட இப்பதான் கேட்டுட்டு வந்தேன், சரின்னுட்டாங்க."

அவர் கட்டுப் போட்ட காலோடு திரும்பி டாக்டர் அறைக்குள் போனதைச் சிவசங்கரியும் பார்த்தாள். மாத்திரைச் சீட்டை மறந்துவிட்டார் போல என்று நினைத்திருந்தாள்.

"எதுக்குங்க? எனக்கு ஒண்ணும்..."

"கைய நீட்டு."

விரலில் அல்ல, முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியது. எதற்கோ காத்துக்கொண்டிருந்த மாதிரி ரத்தம் மளமளவென்று குழாயில் ஏறியது. இத்தனையும் எனக்குள்ளேதான் இருந்ததா என்று சிவசங்கரி பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா."

இரண்டு பேருடைய குழாய்களும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பெயர் எழுத அந்தப் பெண் பேனாவை எடுத்ததும் பழமலை எட்டிப் பார்த்தார். சிவசங்கரியின் குழாயை விரலால் காட்டினார்.

"இது அவளோட ரத்தம். பாத்து எழுதும்மா, என்னுதோட சேத்துடாத."