பூசணிக்காய்க்கு முன்னூறு வெள்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசையே இல்லை. எங்கள் போதகரம்மாதான், "சபை மலருக்கு ஒரு கதை குடுங்க சிஸ்டர். காசைப் பார்த்துச் செலவழிக்கிறதப் பத்தி. படிச்சா புத்தி வரணும்" என்றார். புத்தி வருகிற கதையை யார் படிப்பார்கள்? நானே படிக்க மாட்டேன். ஆனால் இங்கே மலேசியாவில், பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்து சர்ச்சில், போன அறுப்புப் பண்டிகையில் நடந்தது ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

2

முதல் தொடக்கம்: "செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தச் சின்ன ஆலயம்..." வேண்டாம். சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "கெல்வின் ஒரு ஊதாரி." இது பச்சைப் பொய். கெல்வின் நீலாய் டவுனில் லாரி ஓட்டுகிறான். பீர் கிடையாது, சிகரெட் கிடையாது. சம்பளம் வந்த அன்றே மனைவி பெட்ரிசியா சர்ச்சுக்குத் தசமபாகம், வாடகை, மகள் ஃபெலிசியாவின் காலேஜ் என்று பிரித்துவிடுவாள். அவனும் வாயைத் திறக்க மாட்டான். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவனுக்குப் பேய் பிடிக்கும். (சபை மலரில் பேய் என்று போடலாமா? போதகரம்மா வெட்டினால் வெட்டட்டும்.)

அது ஏல நாள். காணிக்கையாக வந்த காய், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். காசு சர்ச்சுக்கு; இந்த முறை கூரை மாற்ற. தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போனவர்கள் அன்று திரும்பி வந்து, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று கையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

3

பூசணிக்காய் ஐம்பது வெள்ளியில் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்) தொடங்கியது. கெல்வின் கை தூக்கினான். எதிர் வரிசையில் பெட்ரிசியாவின் அண்ணன் மைக்கல்ராஜும் தூக்கினான். மச்சானுக்கு மச்சான் விடுவானா? விலை ஏறியது. மைக்கல்ராஜ் முன்னூறு என்றான்.

பெட்ரிசியாவின் கைப்பையில் இருந்தது ஃபெலிசியாவின் பரீட்சைக் கட்டணம். திங்கட்கிழமை கட்டாவிட்டால் அவளைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"என்னங்க, அது பிள்ளையோட காசு."

"கடவுளுக்குத்தானே லா."

"கடவுள் எப்பங்க அவ காசைக் கேட்டாரு?"

[இந்த இடத்தில் யாரோ ஒரு நல்லவர் வந்து கட்டணத்தைக் கட்டிவிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன், அப்படி யாரும் வரவில்லை. இன்னொன்றில் கெல்வினே மனம் திருந்தி... எங்கே திருந்தினான்? கை மறுபடி மேலே போய்விட்டது.]

4

பெட்ரிசியா எழுந்து நின்றாள்.

"இந்தப் பண்டிகைக்கு எங்க வீட்டுல ஒதுக்குனது அம்பது வெள்ளி. அதைச் சந்தோசமா குடுக்குறோம். மிச்சம் என் மகளோட பரீட்சைக் காசு. இவர் கேட்டதை எழுதாதீங்க."

அப்போது மைக்கல்ராஜ் கத்தினான்: "அப்ப எனக்கும் அம்பது போதும் லா! போன வருச ஏலக் கோழிக்கே இன்னும் கிரெடிட் கார்டுல கட்டிக்கிட்டு இருக்கேன்!"

ஐயோ, அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். போதகர்தான் முதலில் சிரித்தார். பூசணிக்காயை வெட்டி, ஆளுக்கொரு துண்டாக, அவரவரால் முடிந்த விலைக்கு விற்றார்கள். கூரை மாற்றக் காசு பற்றவில்லை, அதையும் நான் மறைக்கவில்லை. ஃபெலிசியா பரீட்சை எழுதிவிட்டாள்.

5

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது கெல்வின்தான். அத்தனை பேர் முன்னால் மனைவி மறுத்துவிட்டாளே, அவமானமாக இருந்திருக்காதா? கேட்டே விட்டேன்.

"இல்லக்கா. அவ எந்திரிச்சதும் அப்பாடான்னு ஆயிருச்சு. தூக்கின கையை எப்படி இறக்குறதுன்னே தெரியாம நின்னேன்."

நீலாய் திரும்பும் வழியில், காரில் அவன் அவளிடம் என்ன சொன்னான்? எத்தனை முறை எழுதியும் வரவில்லை. நான் எழுதினால் கெல்வின் பிரசங்கம் பண்ணுகிறான். அந்த இடத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனை மன்னிப்பு மட்டும் கேட்க வைக்காதீர்கள். வழியில் இருக்கிற கோலா பிலா டவுன் வருவதற்குள் பெட்ரிசியா சிரிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.