மதர் கசில்தாவின் தட்டு

பகல் ஒன்றரை மணிக்கு இரண்டு தட்டு. பதினோரு வருஷமாக அவற்றை வைத்தவள் நான்தான். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நானூறு பேருக்குச் சமைக்கிற அதே அடுப்பு, அதே கொண்டைக்கடலைக் குழம்பு. ஆனாலும் அந்த இரண்டு தட்டையும் வேறு ஒருவர் கையில் கொடுத்ததில்லை.

சமையலறைக்குப் பின்னால் ஒரு நடை. நடை முடிகிற சுவரில், பீப்பாய் பருமனில், மரத்தால் ஒரு சுழல் அலமாரி. தட்டுகளை அதில் வைத்து, "மாசில்லா மரியே வாழ்க" என்று சொல்லி ஒரு தள்ளு தள்ளினால் அதன் வாய் அந்தப் பக்கம் போய்விடும். உள்ளே இருந்து சிஸ்டர் பெனிக்னா பதில் வாழ்த்து சொல்வார். குரல் மட்டும்தான். வெளி ஆள் கண்ணில் படாமல் இருப்பது அவர்கள் கொடுத்த வார்த்தைப்பாடு. அரை மணி கழித்துப் போனால் காலித் தட்டுகள் என் பக்கம் திரும்பி நிற்கும்.

மடத்தைக் கன்னியர்கள் விற்றபோது ஒன்பது பேர் இருந்தார்கள். கூரை ஒழுகிற்று, விறகு வாங்க வழியில்லை, விற்றார்கள். வாங்கியவர்கள் கோயிலைப் பட்டமளிப்பு மண்டபம் ஆக்கினார்கள், சாப்பாட்டுக் கூடத்தை நூலகம் ஆக்கினார்கள். வடக்கு மாடி நடையை மட்டும் கன்னியர்களுக்கு விட்டார்கள். பத்திரத்தில் இப்படி எழுதியிருந்தது: இரண்டு பேர் இருக்கிறவரை அது மடம். சாப்பாடும் சூடும் பல்கலைக்கழகம் தரவேண்டும். ஒருவர்தான் மிச்சம் என்று ஆனால் அது மடம் இல்லை. மிஞ்சியவர் பர்கோஸ் நகரத்தில் அவர்களுடைய துறவறச் சபை நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும்.

ஏழு பேர் பழைய கோயிலில், பாடகர் மாடத்துக்குக் கீழே, சவம் வைக்கிற சுவர்க்குழிகளில் போய்ப் படுத்துவிட்டார்கள். மிச்சம் தொண்ணூற்றொரு வயது மதர் கசில்தா, எழுபத்தெட்டு வயது பெனிக்னா. மதருக்குப் பல் கிடையாது. அவர் தட்டை நான் மத்தால் மசித்துக் கூழாக்கித்தான் வைப்பேன். எப்போதும் கால் பங்கு மிச்சம் வைப்பார்.

ஜனவரியில் ஒரு நாள் அந்தத் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. மறுநாளும் அப்படியே. எனக்கு ஒரே பெருமை. கிழவிக்குப் பசி எடுத்துவிட்டது என்று ஒரு கரண்டி கூடவே போட்டேன், எண்ணெயும் கொஞ்சம் தாராளமாக. ஒரு வாரம், இரண்டு வாரம், அப்படியே ஓடிற்று.

அந்த மாதம் பனி இளகவே இல்லை. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பன்னிரண்டு. பதினொரு வயதில் பீட்ரூட் வயலில் கிழங்கு பிடுங்கப் போனவள் நான். உறைந்த மண் நகத்துக்குள் ஏறினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட குளிர். மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு பகல் வெயில் அடித்தது. அன்றைக்கு வடக்குப் பக்கத்து வகுப்பறையில் கூரை ஒழுகி, பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

பாய்லரையும் அறைகளைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய்களையும் பார்க்கிற அபிலியோவை மேலே அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, கை துடைக்காமலே ரொட்டியைப் பிய்த்தான்.

"கையைக் கழுவுய்யா. துரு எல்லாம் ரொட்டில."

"துரு ரத்தத்துக்கு நல்லதாம். உன் குழம்பைவிடத் தெம்பு தரும்."

காப்பி குடிக்க வந்த நிர்வாகி பெர்ராஸும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அறைச் சுவரில் வடக்கு மாடியின் வரைபடம் ஒன்று தொங்கும்; இருபத்திரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் நீலத்தில் சின்னக் கட்டில். மாணவர் விடுதி. ஏழு வருஷமாகத் தொங்குகிறது.

"என்ன ஆச்சு அபிலியோ?"

"கடைசி அறை ஹீட்டர்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சிருக்கு சார். வெயில் பட்டதும் ஒழுகுது. கதவு பூட்டியிருந்துச்சு. மதர் தூங்கறாங்கன்னு சிஸ்டர் உள்ள விடலை. அந்த நடைக்குப் போற சூட்டையே மொத்தமா அடைச்சிட்டு வந்தேன். கீழ வகுப்பறைக்கும் அதே குழாய்தான். நாளைக்கு உள்ள போயாகணும்."

"எங்கிட்ட மாத்துச் சாவி இருக்கு. எட்டு மணிக்கு நானும் வரேன்."

"சிஸ்டருக்கும் வயசாயிடுச்சு சார்," என்று அபிலியோ வாயில் ரொட்டியோடு சிரித்தான். "இன்னைக்கு மணியே அடிக்கலை. பூனை மாதிரி சத்தம் இல்லாம எனக்கு முன்னால நடந்து போனாங்க. என்னை ஆம்பளைன்னே சேர்க்கலை போலிருக்கு."

பெர்ராஸும் சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது.

மடத்துக்குள் ஓர் ஆண் பிள்ளை நுழைந்தால், கூட வருகிற சிஸ்டர் கைமணியை ஆட்டிக்கொண்டே முன்னால் நடக்கவேண்டும். ஆள் வருகிறான், முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போ என்று மற்றவர்களுக்கு அது அறிவிப்பு. அபிலியோ இருபது வருஷமாக அந்த மணிக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறான். மணி அடிப்பது மற்றவர்களுக்காக. அடிக்க மறந்துவிட்டார் என்றால், எச்சரிக்க அங்கே ஆள் இல்லை என்பது அவர் காலுக்கும் கைக்கும் தெரிந்துபோயிருக்கிறது.

வழித்துத் துடைத்த தட்டு ஞாபகம் வந்தது. கூடப் போட்ட கரண்டியும், ஹீட்டரில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிரவிட்ட அந்த அறையும்.

பாத்திரம் கழுவி முடித்து, நடைக்குப் போனேன்.

"மாசில்லா மரியே வாழ்க."

வெகு நேரம் கழித்துக் கம்பளிச் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன தெயோ இந்த நேரத்துல? தட்டு அனுப்பிட்டேனே."

"தட்டுக்கு வரலை சிஸ்டர். மதர் எப்படி இருக்காங்க?"

"படுத்திருக்காங்க."

"அபிலியோ வந்தப்ப நீங்க மணி அடிக்கலையாமே?"

அலமாரி ஒரு விரல் அளவு அசைந்தது. நெற்றியை அதில் சாய்த்திருக்கிறார் என்று தோன்றிற்று.

"அடிக்கலையா நான்?"

"இல்ல."

"அம்பத்தெட்டு வருஷம். ஒரு தடவை மறந்ததில்ல."

"என்னைக்குப் போனாங்க சிஸ்டர்?"

"ஆறாம் தேதி, மூணு ராஜாக்கள் திருநாள் அன்னைக்கு. விடியக்காலை ஜெபத்துக்கு எழுப்பப் போனேன். கை சில்லுன்னு கிடந்துச்சு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"சாமியாரைக் கூப்பிடலை. சாகறவங்களுக்குக் கொடுக்கற அவஸ்தைப்பூசுதல் இல்ல, பூசை இல்ல. அந்த அம்மாவுக்குக் கீழ குழி காத்துக்கிட்டிருக்கு. நீங்க என்னடான்னா ஹீட்டரை அடைச்சு, ஜன்னலைத் திறந்து போட்டு… எங்க ஊர்ல பன்னிக்கறியை அப்படித்தான் வைப்பாங்க சிஸ்டர்."

"கழுவி, உடுப்பு மாத்தி, ஜெபம் எல்லாம் நானே சொன்னேன். தினமும் சொல்றேன்." குரல் கெட்டியாகவே இருந்தது. "என்ன பண்ணியிருக்கேன்னு எனக்குத் தெரியும் தெயோ. நீ சொல்லித் தெரியவேண்டியதில்ல."

"எவ்வளவு நாள் ஓடும்னு நெனச்சீங்க?"

"நெனக்கலை. இன்னைக்கு ஒரு நாள், இன்னைக்கு ஒரு நாள்னு போச்சு. பர்கோஸ்ல நாப்பது பேர் இருக்காங்களாம். டிவி நாள் முழுக்க ஓடுமாம். எனக்கு அங்க யாரையும் தெரியாது. நான் இந்த வீட்டுல சாகறேன்னு வார்த்தைப்பாடு கொடுத்தவ. வேற ஒண்ணும் நான் கேட்டதில்ல."

"அந்தக் கூழ்?"

"நான்தான் தின்னேன். என் தட்டை முடிச்சிட்டு அதையும். சாப்பாட்டைக் கொட்டறது பாவம்."

நாளை எட்டு மணி, பெர்ராஸிடம் சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். திரும்புகிறபோது, "நாளைக்கு மணி அடிக்க மறந்துடாதீங்க" என்றேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும்.

பாய்லர் அறைக்குப் போய் அபிலியோவிடம் சொன்னேன். அவன் சிகரெட்டைக் காலால் நசுக்கினான்.

"அதான் கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க. நான் ஒரு முட்டாப்பய, பெர்ராஸ் முன்னாடியே மணியைப் பத்தி இளிச்சுக்கிட்டு நின்னேன்."

"ரெண்டு நாள் தள்ளுய்யா. சாமான் வரணும்னு சொல்லு."

"தள்ளி? அப்புறம் என்ன பண்ணுவே? ராத்திரியில போய்ப் புதைப்பியா? நீயும் நானும்? எனக்கு முதுகே நிமிரலை."

"அந்த அம்மாவுக்கு யோசிக்க ரெண்டு நாளாவது கிடைக்கும்ல."

"பனி இளக ஆரம்பிச்சாச்சு தெயோ. ரெண்டு நாள்ல அந்த அறை எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா உனக்கு?" குரலை இறக்கினான். "நான் வாயை மூடிக்கறேன். ஆனா என் வாயை மூடினா குழாய் அடையாது. கீழ முப்பது பிள்ளைங்க கோட்டைப் போட்டுக்கிட்டு நடுங்குது."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலையில், ஒரு பெண் கூட வந்தால் நல்லது என்று பெர்ராஸ் என்னையும் கூப்பிட்டார். படியேறும்போது நின்று கேட்டார். ராத்திரி படுத்து யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"தெயோ, தினமும் தட்டு வைக்கறவ நீ. மதர் நல்லாத்தானே இருக்காங்க?"

அபிலியோ கருவிப் பையைத் தோள் மாற்றிப் போட்டான்.

"ரெண்டு தட்டும் காலியாத்தான் வருது சார்," என்றேன்.

கதவைத் திறந்த பெனிக்னாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு பேர் சாப்பாட்டைத் தின்ற உடம்பு என்று சொல்ல முடியாது. என் தோள் உயரம்கூட இல்லை. மூக்கு நுனி குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டை அடைத்த நடையில் ராத்திரி முழுக்க இருந்திருக்கிறார். கையில் மணி.

எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். திரும்பி மணியை ஆட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் மூடின கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் முறைப்படி ஒரு கணம் நின்று அடித்தார், உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. கடைசிக் கதவுக்கு முன்னால் நின்று அதிக நேரம் அடித்தார். பெர்ராஸ் சாவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி நின்றது. சிஸ்டர் தள்ளி நின்று முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

உள்ளே ஜன்னல் திறந்துதான் இருந்தது. தரையில் பனிக்கட்டியும் தண்ணீருமாகக் கிடந்தது. கட்டிலில் மதர் கசில்தா, சலவை செய்த உடுப்பில், கையில் ஜெபமாலையோடு. நாற்றம் ஆரம்பித்துவிட்டிருந்தது. பெர்ராஸ் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை.

போலீஸ் வந்தார்கள், சாவை விசாரிக்க நீதிபதி வந்தார். வயசுச் சாவு என்று எழுதினார்கள், யார்மேலும் வழக்கு இல்லை. வியாழக்கிழமை மதரைக் கீழே குழியில் வைத்துச் சுவர் பூசினார்கள். பக்கத்தில் ஒரு குழி காலியாகவே இருந்தது. ஈஸ்டர்வரை பெனிக்னா இருக்கட்டும் என்று பெர்ராஸ் சொன்னாராம். சபையின் தலைவிதான் பர்கோஸிலிருந்து போன் பண்ணி, சனிக்கிழமையே அனுப்புங்கள், இனி ஒருநாளும் தனியாக விடமாட்டோம் என்றாராம்.

சனிக்கிழமை காலையில் ஏதோ பயிற்சி வகுப்பு. முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள், கையில் காகிதக் குவளைகள். வடக்குக் கதவு திறந்தது. பெனிக்னா வந்தார். பின்னால் அவருடைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அபிலியோ.

அவர் கையில் மணி இருந்தது. அதை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் ஓர் ஆண் வருகிறான். அவர் அடித்தார். ஒரே சீராக, அடிமேல் அடி வைத்து, தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடித்துக்கொண்டே நடந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். தூணுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று குவளையைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த என்னைத் தாண்டும்போது அவர் நிற்கவில்லை. கார் கதவு சாத்துகிறவரை அந்தச் சத்தம் கேட்டது.