வீட்டு உபயோகத்துக்குத்தான்

எந்த மதர்போர்டு, எந்த ப்ராசசர் என்று முடிவுசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவே போனில் படித்துப் படித்துக் கண் எரிந்துபோனது. கல்யாணத்துக்கு முன் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். பழைய ஆபீஸ் இன்ஜினியர் இப்போது வீட்டிலிருந்தே செய்ய வேலை தருகிறேன் என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு வேலை. ஒரே நிபந்தனை, திங்கட்கிழமைக்குள் அவர்களுடைய முப்பரிமாண சாஃப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் பழைய பெட்டியோ அதைத் திறப்பதற்குள்ளேயே படுத்துவிடும்.

போர்டு, ப்ராசசர் இரண்டின் மாடல் எண்ணையும் ஓர் எழுத்து விடாமல் சீட்டில் எழுதி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒன்றை மாற்றினால் மற்றது பொருந்தாது என்று கரடியாய்க் கத்தினேன். ஏதோ ராக்கெட் விடப் போகிற மாதிரி பேசுகிறாயே என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையிலேயே மாட்டி எடுத்து வந்துவிட்டார். பில்லைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. போர்டும் வேறு, ப்ராசசரும் வேறு.

"கடைக்காரர்தான் இதுவே போதும்னு சொன்னாரு. அவரைவிட உனக்குத் தெரியுமா?" என்றார்.

ஒரு மாடி வீட்டின் படத்தைத் திறந்து லேசாகத் திருப்பினேன். திரை அப்படியே உறைந்து நின்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அது பழைய தலைமுறை போர்டு. இதைவிடப் பெரிய ப்ராசசர் எதுவும் அதில் உட்காராது.

மறுநாள் அவர் வெளியே போயிருந்தபோது கடைக்குப் போன் செய்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் எண்ணத்தில்தான் செய்தேன். கடைக்காரர் நிதானமாகப் பேசினார்.

"நீங்க எழுதினதைத்தான் மேடம் எடுத்து வெச்சேன். எதுக்குன்னு கேட்டேன். 'வீட்டு உபயோகத்துக்குத்தான், வொய்ஃபுக்குப் பொழுது போகல, சாதாரணமா ஒண்ணு போதும்'னு சார்தான் சொன்னாரு."

மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது?

வீட்டுக்காரர் வந்ததும் நேராகவே கேட்டேன். பூசி மெழுகுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவர் சிரமப்படவில்லை.

"ஆமா, சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்றார் செருப்பைக் கழற்றியபடி.

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. கடைக்காரர் மேல் பழியைப் போட்டது மட்டும்தான் பொய். என்னைப் பற்றிச் சொன்னதை அவர் உண்மையாகவே நம்புகிறார். எனக்கு வயிறெரிந்ததே அதனால்தான்.

மறுபடி வாங்கக் கையில் பணம் இல்லை. இன்ஜினியரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் முடியாது என்றேன். பரவாயில்லையம்மா, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். பேசி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குள் அறையில் வீட்டுக்காரர் புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ சினிமா போட்டிருந்தார்.

"இங்க வந்து பாரேன், என்னமா ஓடுது" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது.