கொக்கின் கூரை

கட்சுமதா ஒரு காரைத் திட்ட ஆரம்பித்தால் முள்ளங்கியும் மீன் உருண்டையும் வேகும் ஓடன் குழம்புச் சட்டி ஆறிப்போகும், அவர் ஆறமாட்டார். அதிலும் பேச்சு ஷிராசாகி என்ற பழைய கார் பக்கம் திரும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

“வெள்ளைக் கொக்குன்னு பேரு வச்சாச்சு. மூக்கு நீளம், சரி. இடுப்பு ஒடுங்கியிருக்கு, சரி. வாலைப் பாரு, அடடா, கண்ணுல ஒத்திக்கலாம்! எல்லாத்தையும் பண்ணிட்டு, அதை வரைஞ்ச மனுஷன் கூரைன்னு மேல என்னத்தை வச்சான்? சோத்துக் கிண்ணத்தைக் கவுத்து வச்சான்!”

“கிண்ணமும் இல்ல, சட்டியும் இல்ல. அந்தக் கூரை இல்லேன்னா அது கொக்கே இல்லண்ணே, செருப்பு” என்பாள் யோரிகோ.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில் தெராவோவின் ஓடன் கடை மாடியில், கடைக்கு விடுமுறையான புதன்கிழமைதோறும் மாடல் கார் மன்றம் கூடும். கூடுவது கார்களைக் காட்ட என்று பெயர். உண்மையில் சண்டை போடத்தான். கட்சுமதா ஒரு பிளாஸ்டிக் மாடல் கம்பெனியில் ஆயுள் முழுக்க அச்சுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். காரின் வடிவக் கோட்டைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை. யோரிகோ செயற்கைப் பல் செய்கிறவள். பகலெல்லாம் யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ இழைத்துவிட்டு, மாலையில் அதே கருவிகளால் கார் கதவின் கைப்பிடியை இழைப்பாள். கட்சுமதாவிடம் அவளுக்கு மரியாதை உண்டு. ஷிராசாகி விஷயத்தில் மட்டும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்தக் கார் அறுபதுகளில் வந்தது. சின்னக் கம்பெனி, இரண்டே இருக்கை, விற்றது சொற்பம். கூரை உசரம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின, கம்பெனியும் மூடிப்போயிற்று. மன்றத்தில் யாரும் நிஜ வண்டியைக் கண்ணால் கண்டதில்லை. பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற பழைய மாடல் கிட் ஒன்று உண்டு. அதை ஒட்டித்தான் இத்தனை வாதமும்.

மன்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு காரைக் குறை சொல்கிறவன் வாயால் சொல்லி முடித்துவிடக் கூடாது, அந்தக் குறையைத் திருத்திச் செய்து காட்ட வேண்டும். சொன்னபடி அது அழகாக இருந்தால் மே மாதக் கண்காட்சியில் மன்றத்தின் மேஜைக்கு அதுதான் போகும். ஒரே கார் இரண்டு போகாது. போன இலையுதிர் காலத்தில் யோரிகோ பொறுமையிழந்து அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தாள்.

“வாய் வலிக்கப் பேசினது போதும்ணே. செஞ்சு காட்டுங்க.”

“செய்றேன். அப்புறம் அழக்கூடாது.”

“நீங்க துடைச்சுக்கத் துணி எடுத்துட்டு வாங்க.”

யோரிகோவும் அசல் கூரையோடு ஒன்று செய்தாள். மே மாதம் வந்தது. கண்காட்சிக்கு முந்தைய புதனன்று தெராவோ மாடிக்குத் தேநீரோடு வந்தவர், ஒரு செய்தியும் கொண்டுவந்தார். “நருசே ஐயா வீட்டுல இருந்து போன் வந்துச்சு” என்றார். ஷிராசாகியை வரைந்தவர் நருசே. போன வருஷம் காலமாகிவிட்டார். “அவரு சம்சாரம் ஞாயித்துக்கிழமை ஹமாமட்சுல இருந்து வர்றாங்களாம். நம்ம மேஜையில கொக்கு இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க.”

மன்றத்துக்காரன் கிக்குகாவாதான், சும்மா இருக்கத் தெரியாதவன், முதலில் பேசினான். “அப்போ வாதம் எதுக்கு? யோரிகோ அக்காவோடதையே வச்சிடுவோம். புருஷன் போட்ட கூரையை நாம வெட்டி வச்சிருக்கிறதை அந்தம்மா பார்க்கணுமா? பாவம்.”

“பாவமா?” யோரிகோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாவம் பார்த்துத்தான் அந்தக் கூரை மேஜைக்குப் போகணும்னா அது போகவே வேண்டாம். ஊரே ஆயுசு முழுக்க அந்த மனுஷனைத் தப்புன்னு சொல்லுச்சு. இப்ப நாமளும் உள்ளுக்குள்ள தப்புன்னு நெனச்சிக்கிட்டே, வெளியில மரியாதை காட்டணுமா? அந்தக் கூரை சரின்னா சரின்னு வைங்க. இல்லேன்னா அண்ணனோடதை வைங்க.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். தோற்றால், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்து நிற்கும்போது மேஜையில் இருக்கப்போவது கணவரின் தவற்றைத் திருத்திய கார். இரக்கப்பட்டாவது தன் காரை வைக்கிற வழியை அடைத்தவள் தானேதான்.

கட்சுமதா பெட்டியைத் திறந்தார்.

என்ன கை அது! கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து அதை அரிசி மணி கனத்துக்குத்தான் இறக்கியிருந்தார். ஆனால் சாய்ந்த தூணைக் குறைத்தால் கூரை கண்ணாடியோடு சேராது, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இழுத்த தடம் எங்கே? தேடினாலும் கிடைக்காது. ஜன்னல் கண்ணாடிகளைப் புதிதாக வார்த்திருந்தார். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் ஒரு துளி முத்து மினுக்கம். மூக்கிலிருந்து கிளம்பிய கோடு கூரை மேல் வழுக்கி, வாலில் போய் மூச்சு விட்டது. மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் “ஹ்ம்ம்” என்றார்கள். அந்த மாடியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பக்கத்தில் யோரிகோவின் கார். அதுவும் சுத்தமான வேலைதான். பல்லுக்கு ஊற்றும் உலோகத்தில் அவள் வார்த்த, பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகள் தனி ஜொலிப்பு. ஆனால் அந்தக் கூரை... அவள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். சோற்றுக் கிண்ணம். ஐயோ, அப்படியேதான் இருந்தது! இத்தனை வருஷம் தான் காதலித்தது எதை என்றே அவளுக்கு விளங்கவில்லை.

“என்னம்மா, பேச்சைக் காணோம்?” என்றார் கட்சுமதா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

பொய் சொல்ல அவளுக்கு வராது. “அண்ணனோடது...” என்று தொடங்கிக்கொண்டே தன் காரை நடுவிலிருந்து நகர்த்தினாள். சட்டைக் கை தட்டியது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“அசையாதீங்க!” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சின்ன உதிரி கீழே விழுந்தால் ஒருவரும் காலைத் தூக்கக் கூடாது. தொலைத்தவர் மட்டும் குனிந்து தேடுவார், மற்றவர்கள் நின்ற இடத்தில் சிலை. கிக்குகாவா வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோன முள்ளங்கியோடு அப்படியே நின்றான். யோரிகோ கைவிளக்கை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு மேஜைக்கு அடியில் போனாள். கண்ணில் நீர் முட்டியது. கீழே இருப்பது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. மேஜைக் கால் ஓரத்தில் பக்கக் கண்ணாடி மினுங்கியது. எடுத்துக்கொண்டு, இடுப்பு பிடித்துக்கொண்டதால் நேராக எழ முடியாமல், மேஜை விளிம்பைப் பற்றி மெல்லத் தலையை உயர்த்தினாள்.

தாடை மேஜை விளிம்புக்கு வந்தது. எதிரே இரண்டு கொக்குகள்.

அவள் அதற்கு மேல் எழவில்லை.

“கிடைச்சுதா?” என்றார் தெராவோ.

“அண்ணே, இங்க வாங்க.”

“எங்க?”

“கீழ. முட்டி போடுங்க.”

“எனக்கு முட்டி வலி.”

“வலிச்சாலும் போடுங்க!”

கட்சுமதா முனகிக்கொண்டே மண்டியிட்டு அவள் பக்கத்தில் தாடையை வைத்தார். கிக்குகாவா ஏதோ சொல்ல வாயெடுத்தான், தெராவோ அவன் முதுகில் தட்டினார்.

அந்த அளவில் ஒரு மனிதனைச் செய்தால் கட்டைவிரல் உயரந்தான் இருப்பான். அவன் தெருவில் நின்றால் காரை எப்படிப் பார்ப்பானோ, இப்போது இருவரும் அப்படிப் பார்த்தார்கள். கட்சுமதாவின் கார் தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது. அழகான முன்பக்க வளைவுக்குப் பின்னால் கூரை தெரியவே இல்லை, முழுகிப்போயிருந்தது. யோரிகோவின் கார் நின்றது. மூக்குக் கோடு தாழ்ந்து ஓடி, சரியான இடத்தில் கூரை எழும்பி, தண்ணீரைப் பார்த்து நிற்கிற பறவை தலையைத் தூக்குகிற மாதிரி தூக்கியிருந்தது. இந்த இடத்திலிருந்து பார்க்கத்தான் வரைந்திருக்கிறார்! தெருவில் நிற்கிறவனுக்காக வரைந்ததை இவர்கள் ஆயுள் முழுக்கக் கூரை மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காக்கை மாதிரி. யோரிகோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எவ்வளவு பெரிய ஆள் அந்த மனிதர் என்று நெஞ்சு விம்மியது.

கட்சுமதா நெடுநேரம் எழவில்லை. வலிக்குதாண்ணே, தூக்கிவிடவா என்று கேட்கலாமென்று அவள் திரும்பினால், அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நாப்பது வருஷம் கோடு போட்டேன்” என்றார். “எல்லாத்தையும் மேஜை மேல வச்சுத்தான். ஒரு நாளும் குனியல.” பிறகு தன் காரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “உன்னோடது போகட்டும். ஆனா மேஜை மேல வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டமான கூட்டம். மற்ற மன்றங்களின் கார்கள் வரிசை வரிசையாக மேஜைகளில் இருந்தன. இவர்களுடைய மேஜைக்கு முன்னால் மட்டும் ஒரு கேமரா முக்காலி, அதன் மேல் தார்ச்சாலை மாதிரி வண்ணம் பூசிய பலகை, பலகையில் கொக்கு. பார்க்க வருகிறவரின் உயரத்துக்குத் தக்கபடி கட்சுமதா முக்காலியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வேறு வேலையே பார்க்கவில்லை. எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அந்தக் கூரையைப் புகழ்ந்து தொண்டை கட்டியிருந்தது.

நருசே அம்மாள் மதியத்துக்கு மேல் வந்தார். சின்ன உருவம், முதுகு வளைந்துவிட்டது, கைத்தடி. யார் என்று தெராவோ சொன்னதும் கட்சுமதா முக்காலியைக் கடகடவென்று இறக்கினார். சரியான உயரத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்தார்.

“அம்மா, ஐயா போட்ட கூரையை நான் ஊரெல்லாம் சொல்லித் திட்டினவன். தப்பு என்னோடது. இதைவிட நல்ல கூரை ஒண்ணை நான் பார்த்ததில்ல.”

அந்த அம்மாள் காரையே பார்த்தார்.

“அவரும் திட்டினாரு” என்றார் அம்மாள் கடைசியில்.

“யாரு?”

“எங்க வீட்டுக்காரருதான். பத்திரிகைக்காரன் சொன்னதையெல்லாம் நம்பிட்டாரு. வரைமேஜையில ஒரு சின்ன மாதிரி வச்சிருந்தாரு. தினமும் அதை மேல இருந்தே பார்க்கிறது, கூரையைக் கெடுத்துட்டேன், கெடுத்துட்டேன்னு சொல்றது. சாகுற வரைக்கும் அதே பாட்டு.” கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “நான் தெருவுல நின்னு பார்த்தவ. ஆபீஸ் விட்டு நிஜக் காரை ஓட்டிக்கிட்டு வருவாரு, நான் வாசல்ல நிப்பேன். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். உனக்கு என்ன தெரியும்னுட்டாரு.”

கட்சுமதா நிமிரவே இல்லை. யோரிகோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அம்மாள் உட்காரவில்லை. இன்னும் ஓரடி கிட்டே போனார். கூரை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. சுற்றிலும் இருந்த கூட்டத்தை மறந்துவிட்டார் போல, காருக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல, ஜன்னல் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?”