பாலால் ஒரு மூளை

சம்பளப் பட்டியல் அச்சாகி முடிந்ததும் சுப்புராஜ் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் அவர்தான் கணக்கர். சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கள் காலைவரை ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கும். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் இன்பம் டீச்சர், முதலாளியிடம் நடையாய் நடந்து அந்த நேரத்தில் அதில் கணக்குப் போட அனுமதி வாங்கியிருந்தாள். 1995-ல் அவள் கணக்குக்கு ஈடுகொடுக்கும் மெஷின் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"என்ன டீச்சரம்மா, மறுபடியும் தாயமா?" என்றார் சுப்புராஜ்.

கேலி என்றாலும் உண்மை அதுதான். மூளைக்குள் நுழையும் ஒளித்துகள் எங்கே முட்டும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே செத்துப்போகும் என்று அவள் புரோகிராம் ஒவ்வொரு முட்டலுக்கும் தாயம் உருட்டும். லட்சக்கணக்கான துகள்களை இப்படி அலையவிட்டால் எத்தனை திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும்.

எதற்கு இந்தப் பாடு? கை ஓயாமல் நடுங்கும் நோயாளிகளுக்கு மண்டையில் சிறு துளை போட்டு, மூளையின் ஆழத்தில் ஓர் இடத்துக்கு ஊசியை இறக்குவார்கள். இம்மி தவறினாலும் பேச்சுப் போய்விடலாம். ஊசிக்குள் கண்ணாடி இழை வைத்துச் சிவப்பு ஒளி அனுப்பினால், வெள்ளைப் பகுதி அதை நிறையத் திருப்பும், சாம்பல் பகுதி குறைவாகத் திருப்பும். ஊசி நுனி எங்கே நிற்கிறது என்று ஒளியே சொல்லிவிடும்.

ஊசியும், திரும்பி வரும் ஒளியை அளக்கும் மீட்டரும் செய்தாயிற்று. மதுரை மூளை டாக்டர் தேவஇரக்கம்தான் மசியவில்லை. "ஒன் கணக்கும் மீட்டரும் ஒண்ணாச் சொல்லணும். இல்லேன்னா மனுசன் மண்டைக்குள்ள இதை நான் இறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாயங்காலம் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சோதனைக்கு நிஜ மூளைக்கு எங்கே போவது? பாலைக் கடல்பாசியோடு காய்ச்சி இறுக வைத்தால், ஒளி அதற்குள் ஏறக்குறைய மூளையில் அலைவதுபோலவே அலையும். சுண்டிய பால் வெள்ளைப் பகுதி. தண்ணீர்ப் பாலில் துளி கறுப்பு மை விட்டால் சாம்பல் பகுதி. அடிப்பிடிக்காமல் பாலைச் சுண்டவைக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆளுக்கா பஞ்சம்? பால்கோவா போடும் ஐயாதுரையிடம் போனாள். வெள்ளைக்கு உடனே ஒத்துக்கொண்டவர், மை என்றதும் முகத்தைச் சுளித்தார். "பால்ல மையா? என் சட்டியில அது ஆகாது தாயி." சாம்பலை அவள் வீட்டிலேயே காய்ச்சிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் கணக்கு முடிந்தது. ஆபீஸ் மேஜையில் வைத்திருந்த சாம்பல் கட்டியில் ஊசியைக் குத்தினாள். மீட்டர் கணக்கோடு அச்சாக ஒத்துப்போனது. வெள்ளைக் கட்டியில் குத்தினாள். நூறு காட்டவேண்டிய மீட்டர் எண்பதிலேயே நின்றது. வேறு இடத்தில் குத்தினாள், அதே எண்பது. புரோகிராமை வரிவரியாகத் துழாவியும் பிழை அகப்படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் வந்து இரண்டு எண்களையும் பார்த்தார். "பாதி சரிங்கிறது மூளையில சரி இல்லம்மா" என்று பையை எடுத்தார்.

ஆபீஸைப் பூட்ட வந்திருந்த சுப்புராஜ் அப்போதுதான் முணுமுணுத்தார். "இந்த எறும்பு எங்கேருந்துதான் வருதோ."

மேஜையில் சாரிசாரியாக எறும்பு. அத்தனையும் வெள்ளைக் கட்டிக்குத்தான் போயின, சாம்பலை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்பம் வெள்ளையில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டாள். அழப்போனவள் சிரித்துவிட்டாள்.

"சார், மூளை இனிக்குது."

ஐயாதுரைக்குப் போன் போட்டாள். "பால் சுண்டுதுன்னா கை தானா சர்க்கரைக்குப் போயிருமே தாயி" என்றார் அவர். "கம்மியாத்தான் போட்டேன்."

"எம்புட்டுன்னு சொல்லுங்கண்ணே."

அளவைச் சொன்னார். அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒளியைத் திருப்பிவிடுவது பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். சர்க்கரை கரைந்த நீர், ஒளியை வளைக்கும் குணத்தில் அந்தத் துளிகளுக்குக் கிட்டத்தில் வந்துவிடும். ஒளிக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஒரு பங்கு முட்டாமலே போய்விடும். புரோகிராமில் தப்பே இல்லை. அவள் கணக்கில் சொன்ன பால் வேறு, தட்டில் இருந்த பால் வேறு.

டாக்டர் தலையாட்டவில்லை. "விடை தெரிஞ்ச பொறவு யாரு வேணும்னாலும் கணக்கை வளைச்சிரலாம்."

நியாயம்தான். "அப்ப எனக்குத் தெரியாததை வைங்க சார்" என்றாள் இன்பம்.

டாக்டரே சாம்பல் கட்டியில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளையின் மேல் வைத்து, அது எவ்வளவு கனம் என்று அவள் பார்க்காதபடி துணியால் மூடினார். இன்பம் சர்க்கரையைக் கணக்கில் சேர்த்து, நேரம் பிடிக்காதபடி துகள்களைக் குறைத்து, மறுபடி தாயம் உருட்டவிட்டாள். ஊசி சாம்பலைக் கடந்து வெள்ளையைத் தொடும்போது மீட்டர் என்ன காட்டும்? காத்திருந்த நேரத்தில் டாக்டர் இரண்டு காபி குடித்தார். கடைசியில் திரையில் ஐம்பத்திரண்டு என்று விழுந்தது.

டாக்டர் துணிக்கு மேலாக ஊசியை இறக்கினார். இன்பம் மீட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முள் வெகுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஐம்பத்திரண்டை நோக்கி மெல்ல ஏறியது.

"இன்னும் செத்த போங்க சார். இன்னும். நிறுத்துங்க."

அவர் கை நின்றது. துணியை விலக்கி, ஊசியை அசைக்காமல் பக்கவாட்டில் கத்தியால் அரிந்தார். சுப்புராஜும் தலையை நீட்டினார். சாம்பலும் வெள்ளையும் சேரும் கோட்டில், வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் ஊசி நுனி நின்றது.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"அடுத்த மாசம் ஒரு வாத்தியாருக்குப் பண்ணணும்" என்றார் நிமிர்ந்து. "சாக்பீஸ் பிடிக்க முடியாம கை ஆடுது. ஆபரேஷன் தியேட்டர்ல என்னை நிறுத்தச் சொல்ல இதுவரைக்கும் நான் யாரையும் விட்டதில்லை. நீ வந்து மீட்டர் பக்கத்துல நில்லு. நீ நிறுத்துன்னா நான் நிறுத்திருதேன்."

"எந்தத் தேதி சார்?" என்று கேட்டுக்கொண்டே இன்பம் மீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.