நீட்டாத நாக்கு

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் நன்மை, அதாவது சாமியார் கையால் திருவப்பம், வாங்கும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ராயபுரம் பங்குக் கோயிலில் அந்த நேரத்தில் பாதிப் பேருக்குக் கடவுள் மேல் கண், மீதிப் பேருக்கு அடுத்தவர் மேல் கண். ஜானட் நாக்கில் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அவள் புருஷன் பெனிட்டோ பெஞ்சிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து ஆறு மாதமாக அவன் எழுந்து போகவே இல்லை.

பெரிய பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பெஞ்சிலேயே தங்கிவிடுகிறவனைப் பார்த்ததும் பின்னால் இருக்கிற பெண்கள் ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜானட் அவர்களுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். வாயில் அப்பம் கரைந்துகொண்டிருக்க, ஒரு ஜெபம்கூட அவளுக்கு ஓடவில்லை. எவளாக இருக்கும் என்றுதான் ஓடியது.

பெனிட்டோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் வீடு திரும்ப ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். அதை அவள் என்றைக்குமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இப்போது வீட்டுக்கு வந்தாலும் அவன் சாப்பிடுவதில்லை. காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிவந்து காரசாரமாகக் குழம்பு வைத்தால், தட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சி கேட்டான். வேறெங்கேயோ சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்று நினைத்தாள். பேச்சு குறைந்தது, பேசினாலும் குழறியது. குடி என்று நினைத்தாள். படுக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்கு அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுத வேண்டியதில்லை.

கூட வண்டி ஓட்டும் நிலவனைப் பிடித்து விசாரித்தாள். அண்ணன் அப்படிப்பட்ட ஆளே இல்லை என்று அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். சிநேகிதனைக் காப்பாற்றுகிறான் என்று அவன் மேலும் கோபப்பட்டாள். நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த நேரத்தில் ஒரே ஒரு காலைப் பொழுதை ஆஸ்பத்திரியில் செலவழித்திருக்கக் கூடாதா?

அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜானட் கதவைச் சாத்தினாள்.

"எவளோட பாவம்யா உன் நாக்க கட்டிப் போட்டுகினு கீது? சாமியாரு அப்பத்த நீட்டுனா வாயத் தொறக்க மாட்டேன்ற. இன்னா பண்ணித் தொலைச்ச, சொல்லு."

பெனிட்டோ ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் நின்று வாயைத் திறந்தான். நாக்கை வெளியே நீட்ட அவனால் முடியவில்லை. விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிக் காட்டினான். இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் படுகிற இடத்தில், நடுவே குழிந்து, சுற்றிலும் வெளுத்துத் தடித்த ஒரு புண். கூடவே ஒரு கெட்ட வாடை. வேறொருத்தி இல்லை என்று ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக அடுத்த கணமே தன் மேல் வெறுப்பு வந்தது.

பிறகு அவன் கொட்டித் தீர்த்தான். போன வருஷம் மகளுக்குப் பிரசவம் சிக்கலாக இருந்தபோது, பிள்ளையும் தாயும் நல்லபடி பிழைத்தால் மாவாவைத் தொடமாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டான். மாவா என்பது சீவிய பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து பொட்டலமாக விற்கிற சரக்கு. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் வண்டி வரிசையில் தூக்கம் வராது. பேரப் பிள்ளை பிறந்தது, கிறிஸ்துமஸ் வரை வாக்கைக் காப்பாற்றினான். அப்புறம் ஒரு நாள் வண்டி நகரவே இல்லை, கை தானாகப் பொட்டலத்துக்குப் போயிற்று. ஈஸ்டர் வாக்கில் நாக்கில் புண் வந்தது. வாக்குக் கொடுத்த நாக்கிலேயே வந்ததால், இது மாதா போட்ட அடி என்று முடிவு கட்டிவிட்டான். அடி வாங்கிய நாக்கில் அப்பத்தை எப்படி வாங்குவது?

"மாதா குட்த்த தண்டன ஜானு. அத்த டாக்டரு இன்னா பண்ணுவாரு? கோயில் எண்ண தடவிகினு கீறேன். அவ மனசு வெச்சா ஆறிடும்."

மருந்துக் கடையிலும் கேட்டிருக்கிறான். கடைக்காரர் வாயைக்கூடப் பார்க்காமல், உடம்புச் சூடு என்று சத்து மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாவாவையாவது விட்டாயா என்று ஜானட் கேட்டாள். விடவில்லை. வலிக்கிறபோது அதை வைத்தால் மரத்துப்போகிறதாம். ஒரு கையில் மாதா எண்ணெய், மறு கையில் மாவா பொட்டலம். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளே அவனை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் நாக்கைத் துணியால் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே நெறி கட்டியிருந்தது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அவர்களை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"இது நாக்குல வர்ற புற்றுநோய். மூணு வாரத்துல ஆறாத புண்ணுன்னா அப்பவே வந்திருக்கணும்மா. ஓரமா கொஞ்சம் எடுத்திருந்தாப் போதும். இப்ப பாதி நாக்கை எடுக்கணும், கழுத்துலயும் ஆபரேஷன் பண்ணணும், அப்புறம் கதிர்வீச்சு. பிழைக்க வாய்ப்பு இருக்கு. இனிமேலும் தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்த ஜானட்டுக்கு ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. தடை செய்த சரக்கை டீக்கடைப் பக்கத்திலேயே விற்கிறவன் மேலா, அதைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் மேலா, சூடு என்று சொன்ன மருந்துக் கடைக்காரர் மேலா, பக்கத்தில் பேசாமல் நடந்துவருகிற இந்த மனுஷன் மேலா? எல்லாரையும் திட்டி முடித்த பிறகு அவள் மட்டும் மிச்சம் இருந்தாள். ஆறு மாதம் பக்கத்தில் படுத்தவள், அவன் நடத்தையைச் சோதித்தாளே தவிர வாயைச் சோதிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து பெனிட்டோ வீட்டுக்கு வந்தான். கழுத்தில் நீளத் தையல், மூக்கில் குழாய். கோயில் பெண்கள் நாலைந்து பேர் ஜெபமாலை சொல்ல வந்தார்கள். சொல்லி முடித்ததும், விஷயம் கேள்விப்பட்டிருந்த ஒருத்தி பெருமூச்சு விட்டு, நேர்ச்சையை மீறினால் மாதா சும்மா விடுவாளா என்றாள். வாசலில் நின்றிருந்த நிலவன் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் ஜானட் பார்த்தாள், அவனுடைய ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"பெத்த புள்ள தப்பு பண்ணா எந்த ஆத்தாளாவது நாக்க அறுப்பாளா?" என்றாள் ஜானட். "அவ மேல பழி போடாதீங்க. புண்ணு வந்தது மாவாவால. பாதி நாக்கு போனது மறைச்சதால. இவரு தண்டனன்னு மறைச்சாரு, நான் தப்புன்னு சந்தேகப்பட்டேன். நோயின்னு ஒருத்தரும் நெனைக்கல. நிலவா, நீ வாயத் தொற."

நிலவன் சிரித்து மழுப்பினான். தனக்கு ஒன்றுமில்லை, காரம்தான் கொஞ்ச நாளாக எரிகிறது என்றான்.

படுக்கையிலிருந்து பெனிட்டோ தலையைத் தூக்கினான். "காக்கு" என்றான். யாருக்கும் புரியவில்லை. மூச்சு வாங்க, எச்சில் வழிய, மறுபடியும் "காக்கு" என்றான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"காட்டுன்றாரு" என்றாள் ஜானட். "அந்த ஒரு வார்த்தையக்கூட இப்ப அவரால சொல்ல முடியல."

நிலவன் வெளியே போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். சின்னப் பிள்ளை மாதிரி அவள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தான். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"காலைல கிளம்பு, நானே கூட வர்றேன்" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேட்டுக்குங்க. சாமியாண்ட வேண்டிக்கறத யாரும் வேணான்னு சொல்லல. ஆனா மூணு வாரம் ஆறாத வாய்ப்புண்ண மொதல்ல டாக்டராண்ட தொறந்து காட்டணும். அதுல இன்னா வெக்கம்? வாய மூடி மறைக்கிறவனுக்குத்தான் நாக்கு போவுது."